தப்பான விடை எழுதிய கல்லூரி

சல்லடையம்மா என்று சொன்னால்தான் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரென்று அவருக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார். எதைக் கையில் கொடுத்தாலும் சலிக்காமல் விடமாட்டார் என்று நாலு பேர் சொல்வது அவர் செய்த வேலைக்குப் பெருமைதானே. ஒரு நாட்டுப் பல்கலைக்கழகம் எல்லை தாண்டிப் போய் இன்னொரு நாட்டில் கிளை திறந்து பட்டம் கொடுக்கும். அங்கே வாங்குகிற பட்டமும் தாய் வளாகத்தில் வாங்குகிற பட்டமும் ஒரே தரம்தானா என்று நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. படித்தது புள்ளியியல். எண்களில் எங்காவது இடித்தால் அவருக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும்.

இந்தத் தடவை இடித்தது ஒரே ஓர் இடத்தில்தான். மலை மேலிருந்த ஒரு கிளைக் கல்லூரி, பொறியியல். கணிதம், வரைபடம், கணினி என்று எல்லாப் பாடத்திலும் அந்தப் பிள்ளைகள் தாய் வளாகத்துப் பிள்ளைகளுக்குச் சளைத்தவர்கள் இல்லை. முதலாமாண்டு இயற்பியல் ஆய்வகத்தில், அதுவும் ஒரே ஒரு பரிசோதனையில், குப்புற விழுந்துகொண்டிருந்தார்கள். ஊசல் பரிசோதனை. நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, மெல்ல ஆட்டி, அது ஆடும் நேரத்தை அளந்து, பூமி பொருள்களை எவ்வளவு வேகத்தில் தன் பக்கம் இழுக்கிறது என்று கணக்கிட வேண்டும். விடை ஒன்பது புள்ளி எட்டு ஒன்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே மனப்பாடமான எண்.

இருபது மதிப்பெண்ணில் தாய் வளாகத்தின் சராசரி பத்தொன்பது. மலைக் கல்லூரியின் சராசரி பதினொன்று. ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல, ஏழு வருஷமாகப் பதினொன்று. ஆய்வகத் தாள்களைத் திருத்துவது தாய் வளாகத்தில்தான். சரியான விடைக்கு மட்டும் எட்டு மதிப்பெண். அந்த எட்டு இவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. "கருவிகள் சரியில்லை அல்லது கற்பித்தல் சரியில்லை. சேர்க்கையை நிறுத்திவைக்கலாம்" என்று கோப்பில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

"அந்த ஊருக்கு எதுக்கு மூணு நாள்?" என்று கேட்டார் கணவர், பெட்டியில் சட்டைகளை அடுக்கிக்கொண்டே. பெட்டி அடுக்குவது எப்போதும் அவர்தான்; மனைவி அடுக்கினால் மூடாது. "ஒரு நூலையும் குண்டையும் பாக்க ஒரு மணி நேரம் போதாதா?"

"ஒரு காலேஜை மூடச் சொல்லப் போறோம். ஒரு மணி நேரத்துல பாத்துட்டு மூடிடலாமா?" என்றார் சல்லடையம்மா.

குழுவில் மூன்று பேர் போயிருக்க வேண்டும். இயற்பியல் தெரிந்தவர் கிளம்புகிற அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். மிஞ்சியது குழுத் தலைவரும் சல்லடையம்மாவும். தலைவர் நிர்வாகவியல் பேராசிரியர், நல்ல மனிதர். எந்தக் கூட்டத்தையும் பத்து நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே வெறி.

மலைப்பாதையில் நாலு மணி நேரம் கார் சுற்றிச் சுற்றி ஏறியது. காது அடைத்து, திறந்து, மறுபடி அடைத்தது. கல்லூரி வாசலில் முதல்வர் காத்துக்கொண்டிருந்தார். குள்ளமான, பதற்றமான மனிதர். கட்டடம் முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. வராந்தாவில் சாய்ந்த தலைவரின் கோட்டில் வெள்ளைக் கோடு ஒன்று விழுந்தது. முதல்வரின் முகத்தில் ஈயாடவில்லை. தலைவரே சிரித்துச் சமாளித்தார்: "பரவாயில்ல, உங்க காலேஜ் என் மேல ஒரு அடையாளம் வெச்சிருச்சு."

ஆய்வகம் மாடியில், நீளமான அறை. ஜன்னல் வழியே மேகம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கூரையில் வரிசையாகப் பத்துக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் தலைக்கு மேலிருந்து முழங்கால் வரை தொங்கும் நீண்ட நூல், நுனியில் பித்தளைக் குண்டு. பொறுப்பாளர் ஒல்லியோ ஒல்லி; காற்றடித்தால் அவரையும் ஒரு கொக்கியில் மாட்டிவைக்க வேண்டும் போலிருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் குண்டு சார்.

"இந்தப் பரிசோதனையில ஏழு வருஷமா உங்க பிள்ளைங்களுக்கு விடை தப்பா வருது. ஏன் சார்?" என்று நேராகவே கேட்டார் சல்லடையம்மா.

குண்டு சார் வாயைத் திறந்தார். முதல்வர் தொண்டையைச் செருமினார். குண்டு சார் வாயை மூடிக்கொண்டார்.

"நூல் மாத்தியாச்சு மேடம்," என்றார் முதல்வர் அவசரமாக. "குண்டும் புதுசு. ஸ்டாப் வாட்ச் இருபதும் புதுசு. இந்த வருஷத்துலேர்ந்து எல்லாம் சரியாயிடும்."

"நான் சாரைக் கேட்டேன்."

குண்டு சார் தன் செருப்பைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "முதல்வர் சொல்றதுதாங்க," என்று மென்று விழுங்கினார். 

எதையோ மறைக்கிறார்கள் என்று சல்லடையம்மாவுக்கு நிச்சயமாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை மறைப்புகளைப் பார்த்திருப்பார்! கடன் வாங்கி அடுக்கிய நூலகப் புத்தகங்கள், ஒருநாள் மட்டும் வேலைக்கு வந்த பேராசிரியர்கள். இங்கே என்ன மறைக்கிறார்கள் என்பதுதான் பிடிபடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு யாருக்கும் சொல்லாமல் ஆய்வகத்துக்குப் போனார். முதல் வகுப்பு ஒன்பதரைக்கு. ஆனால் குண்டு சார் அங்கே இருந்தார், முதலாமாண்டு வகுப்புத் தலைவியும் இருந்தாள். குட்டையாக முடி வெட்டிய, கணீர் குரல் கொண்ட பெண், கொக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப முதல்வர் இல்ல. சொல்லுங்க சார்," என்றார் சல்லடையம்மா.

 அந்த ஒல்லி மனிதர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஸ்டாப் வாட்சை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"என்னைப் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம். உங்களை அளக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

சல்லடையம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். காலேஜை விட்டு வந்து முப்பது வருஷம் கழித்து ஒரு பரிசோதனை! கொக்கியிலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை நீளத்தை அவரே அளந்தார்: சரியாக இரண்டரை மீட்டர். குண்டை ஒரு சாண் மட்டும் இழுத்துவிட்டார்.

அது போயிற்று. வந்தது. அவசரமே இல்லாமல், யாருக்காகவும் நிற்காமல், போய் வந்துகொண்டிருந்தது. வகுப்புத் தலைவி அருகில் நின்று எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நூறு ஆட்டம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. முதல் முப்பது எண்ணும்வரை சல்லடையம்மாவின் மனசு அறிக்கையிலேயே இருந்தது. ஐம்பதைத் தாண்டியபோது அறிக்கை மறந்துபோனது. குண்டு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஒரு கணம் தயங்கி, யாரோ அழைத்தது போல் திரும்பி வந்தது. அதை அழைப்பது பூமி என்று பள்ளியில் படித்திருக்கிறார். கண்ணால் பார்த்தது இன்றுதான் என்று தோன்றியது.

"நூறு!"

பொத்தானை அழுத்தினார். முந்நூற்றுப் பதினேழு புள்ளி ஏழு வினாடி. கைக்கணக்காகவே போட்டார். ஒன்பது புள்ளி ஏழு ஏழு எட்டு.

"எங்கேயோ தப்புப் பண்ணிட்டேன்," என்றார்.

 மறுபடி ஆட்டினார். ஒன்பது புள்ளி ஏழு ஏழு இரண்டு. ஸ்டாப் வாட்சைச் சந்தேகப்பட்டுத் தன் கைபேசியில் நேரம் எடுத்தார். குண்டை மாற்றினார், பக்கத்துக் கொக்கிக்குப் போனார், நீளத்தை இன்னொரு டேப்பால் அளந்தார். ஒன்பது புள்ளி ஏழு ஏழு ஐந்து. விடை ஒன்பது புள்ளி எட்டு ஒன்றாக இருக்க வேண்டுமானால் நூறு ஆட்டமும் அரை வினாடி முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த அரை வினாடியைக் குண்டு விட்டுக்கொடுக்கவே இல்லை.

"உனக்கு எவ்வளவு வந்துச்சும்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"ஏழு ஏழு மேடம். ஒன்பது புள்ளி ஏழு ஏழு."

"சரியான விடை என்னன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். தாளோட பின்பக்கத்துல அச்சடிச்சே இருக்கு."

"பின்னே அதை எழுதியிருக்கலாமே? எட்டு மார்க் ஆச்சே."

அந்தப் பெண் அவரை வினோதமாகப் பார்த்தாள். "எனக்கு வரலையே மேடம்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். பெரிய விஷயம் எதையும் சொன்னதாக அவள் நினைத்தது போலவே தெரியவில்லை. துணியை உதறிவிட்டு அடுத்த கொக்கியைத் துடைக்கப் போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க மற்ற வேலைகள். நூலகம், விடுதி, ஆசிரியர் பதிவேடு. சல்லடையம்மாவின் பேனா எழுதிக்கொண்டே இருந்தது. புத்தி மட்டும் மாடியில் ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் விருந்தினர் இல்லத்துக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் போட்டார். கணவரின் தங்கை, எடை அளவு ஆய்வாளர், கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். வீட்டில் அண்ணி, நாத்தனார் இருவருமே குறை கண்டுபிடிக்கிற வேலையில் இருப்பதால் தான் மூச்சு விடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது என்பது கணவரின் நிரந்தரப் புலம்பல்.

நாத்தனார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "அண்ணி, நீங்க இருக்கிறது மலையா?"

"ஆமா. காது அடைச்சு இன்னும் விடல."

"வெயில் எப்படி? நிழல் எங்க விழுது?"

"மத்தியானம் நிழலே இல்ல. காலடியிலேயே சுருண்டு கிடக்கு. அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?"

"அப்ப பூமத்திய ரேகைப் பக்கத்துல, அதாவது பூமியோட இடுப்புல இருக்கீங்க, அதுவும் மலை மேல." நாத்தனாரின் குரல் மாறியது. "அண்ணி, எலெக்ட்ரானிக் தராசை ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனா, அங்க வெச்சு மறுபடி சரி பண்ணணும். அதுதான் எங்க சட்டத்துல முதல் பாடம். நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு கடைக்காரரைப் பிடிச்சேன். கிலோவுக்கு மூணு கிராமுக்கு மேல குறையுது, திருட்டுத் தராசுன்னு கத்தினேன். அந்த ஆள் அழுதுட்டாரு. அப்புறம் எங்க பெரியவரு வந்து சொன்னாரு, தராசு மேல தப்பில்லம்மா, அது பூமத்திய ரேகைப் பக்கத்து நாட்டுல சரி பண்ணி இங்க வந்த தராசு, அங்க பூமி கொஞ்சம் மெதுவாத்தான் இழுக்கும்னு."

"மெதுவாவா?"

"பூமி உருண்டையா இருந்தாலும் இடுப்புல கொஞ்சம் பெருத்திருக்கு, சுத்திக்கிட்டு வேற இருக்கு. அங்க பிடி தளர்வு. மலை ஏறினா இன்னும் தளர்வு. ஒன்பது புள்ளி எட்டு ஒண்ணு, இடுப்பை விட்டுத் தள்ளி வடக்கே இருக்கிற நம்ம ஊர் கணக்கு. உங்க ஊர்ல அது கிடையாது." நாத்தனார் சிரித்தாள். "நீங்ககூட அங்க இருநூறு கிராம் இளைச்சிருப்பீங்க. அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

சல்லடையம்மா சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஜன்னலருகே போய் நின்றார். மலைச்சரிவில் மாலை வெளிச்சம். ஒரு பெண் தலையில் விறகுக்கட்டோடு இறங்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு பஸ் வளைவில் மறைந்தது. எல்லாம் நேற்றுப் பார்த்ததேதான். ஆனால் அவர் தன் இரு பாதங்களையும் தரையில் அழுத்திப் பார்த்துக்கொண்டார். ஐம்பத்து நாலு வருஷமாக இந்தப் பூமியின் மேல் நடந்திருக்கிறார், எத்தனையோ நாடுகளில் நடந்திருக்கிறார்; ஊருக்கு ஊர் அது தன்னை வேறு வேறு பலத்தோடு பிடித்துக்கொண்டிருந்தது என்பது தெரியாமலே. தெரியாதது ஒருபுறம் இருக்கட்டும். பதினெட்டு வயசுப் பிள்ளைகள் ஒரு நூலையும் ஒரு பித்தளை உருண்டையையும் வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்தைப் பிடித்திருக்கிறார்கள். பூமியின் இடுப்பை அளந்திருக்கிறார்கள்! அதற்கு நாம் எட்டு மதிப்பெண்ணை வெட்டியிருக்கிறோம். 

மூன்றாம் நாள் காலை. "ஏழு வருஷத்துப் பரிசோதனைக் குறிப்பேடுகள் எல்லாம் வேணும்," என்றார். குண்டு சார் அலமாரியைத் திறந்தார். ஆண்டுவாரியாகக் கட்டி, தூசு படாமல் துணி போர்த்தி வைத்திருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு குறிப்பேடுகள். சல்லடையம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாகத் திறந்து, ஊசல் பக்கத்தைக் கண்டுபிடித்து, விடையைக் கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டமாக நிரப்பினார். வகுப்புத் தலைவி பக்கங்களைப் புரட்டிக் கொடுத்தாள்.

ஒன்பது புள்ளி ஏழு ஏழு. ஏழு எட்டு. ஏழு ஆறு. ஏழு ஏழு. ஏழு ஒன்பது. கையெழுத்துகள் மாறிக்கொண்டே வந்தன: சாய்வானது, உருண்டையானது, கோழி கிளறியது. எண்கள் மட்டும் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. ஒருவன் விடைக்குக் கீழே, "அஞ்சு தடவை செய்து பார்த்தேன், இதுதான் வருகிறது, மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி எழுதியதை அடித்து ஒன்பது புள்ளி எட்டு ஒன்று என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடி ஏழு எட்டு என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தில் காகிதம் கொஞ்சம் கிழிந்திருந்தது. எவ்வளவு நேரம் தனக்குள் போராடியிருப்பாளோ!

"அது எங்க அக்கா," என்றாள் வகுப்புத் தலைவி மெதுவாக. "எல்லா வளாகத்துக்கும் சேத்துக் கொடுக்கிற தங்கப் பதக்கம், இந்த எட்டு மார்க்லதான் அவளுக்குப் போச்சு. அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. நான் இங்க சேந்தப்ப அக்கா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. அந்தப் பரிசோதனையில விடை வராதுடி, வந்ததை எழுது, பின்பக்கத்தைப் பாக்காதேன்னு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன் மேடம்," என்றாள் அந்தப் பெண், நாக்கைக் கடித்துக்கொண்டு. "ஆனா எழுதல."

மதியத்துக்குள் கட்டங்கள் நிரம்பிவிட்டன. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சீராகச் சரியும் ஒரு குன்று. உண்மையாக அளக்கிறவர்களின் கை நடுக்கம் எப்போதும் இந்த வடிவத்தில்தான் வரும். யாரும் சொல்லிவைத்து இதை உண்டாக்க முடியாது. புள்ளியியல் படித்த நாளிலிருந்து இப்படிப்பட்ட குன்றுகளை ஆயிரம் பார்த்திருப்பார். ஒன்றுகூட அவர் கண்ணை நிறைத்ததில்லை.

திடீரென்று இன்னொன்று உறைத்தது. அலுவலகத்துக்குப் போன் செய்து, தாய் வளாகத்துப் பிள்ளைகள் எழுதிய விடைகளை அனுப்பச் சொன்னார். இதுவரை யாரும் மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை, அவர் உட்பட. ஒரு மணி நேரத்தில் வந்தது. திறந்தார். ஒன்பது புள்ளி எட்டு ஒன்று. எட்டு ஒன்று. எட்டு ஒன்று. எட்டு ஒன்று. எப்போதாவது ஓர் எட்டு சுழியம், ஓர் எட்டு இரண்டு. அங்கே குன்று இல்லை, சரிவு இல்லை. தரையில் அடித்த ஆணி மாதிரி ஒரே ஒரு குச்சி நின்றது. இரண்டாயிரம் பிள்ளைகளின் கையில் ஒன்றுகூட நடுங்கவில்லையாம்!

சல்லடையம்மா மடிக்கணினியை மூடினார். ஏழு வருஷமாகத் தரம் பார்த்தோம். பின்பக்கத்தைப் பார்த்து எழுதியவர்களை முன்மாதிரி என்றோம். பூமியைப் பார்த்து எழுதியவர்களை மூடலாம் என்றோம்.

மாலை நிறைவுக் கூட்டத்தில் அவர் அந்தக் கட்டத் தாளை மேசை மேல் விரித்தார். எல்லாவற்றையும் சொன்னார். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அப்படி நடந்து வெகு நாளாயிற்று.

"அப்போ ஒன்பது புள்ளி எட்டு ஒண்ணு தப்பா?" என்று கேட்டார்.

"அங்க சரி. இங்க தப்பு."

"பூமியே ஊருக்கு ஊர் மாறுது. நாம என்னடான்னா எல்லா ஊருக்கும் ஒரே விடையை அச்சடிச்சு அனுப்பிட்டு, தரத்தைக் காப்பாத்திட்டோம்னு மார்தட்டியிருக்கோம்!" தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு குண்டு சார் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியுமா சார்?"

குண்டு சார் முதல்வரைப் பார்த்தார்.  முதல்வர் எழுந்து, தன் அறைக்குப் போய், ஒரு மெல்லிய கோப்போடு திரும்பி வந்தார்.

"மூணு கடிதம்," என்றார். "முதல் வருஷமே சார் எழுதினார். மலை உயரம், கணக்கு, எல்லாம் போட்டு எழுதினார். தாய் வளாகத்துலேர்ந்து மூணு தடவையும் ஒரே பதில்: எல்லா வளாகத்துக்கும் ஒரே விடைத்திட்டம், தரத்துல சமரசம் கிடையாது. இந்தக் கடிதம் உங்க கண்ணுல பட்டா, நாங்க சாக்குச் சொல்றோம்னு நினைப்பீங்க, காலேஜ் போயிடும்னு பயந்துட்டேன். நான்தான் எடுத்து வெச்சுட்டேன். சாரையும் வாயைத் திறக்க விடல."

"நினைச்சிருப்போம்தான்," என்றார் சல்லடையம்மா. ஒளிக்காமல் சொல்ல வேண்டுமென்று தோன்றியது. "முந்தாநாள் நீங்க இதைக் காட்டியிருந்தா நான் சாக்குன்னுதான் நினைச்சிருப்பேன்." பிறகு குண்டு சாரிடம் கேட்டார்: "விடை ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகு, நீங்களே பிள்ளைங்ககிட்ட எட்டு ஒண்ணுன்னு எழுதச் சொல்லியிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது?"

முதல் தடவையாக அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நாள் சொல்லிடலாம்னுதான் வகுப்புக்குப் போனேன் மேடம். எங்கிட்ட படிக்கிற பிள்ளைங்களுக்கு நானே கெடுதல் பண்றேனேன்னு தூக்கமே வரல. போய்ச் சொன்னேன், மார்க் வேணும்னா பின்பக்கத்துல இருக்கிறதை எழுதிக்கோங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்னு. அறுபது பேரும் என்னையே பாத்தாங்க. அப்புறம் போய் அளக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் அதுக்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கல."

 முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அறிக்கை போனது. தாய்ப் பல்கலைக்கழகம் லேசில் இறங்கி வரவில்லை. ஒரே தரம் என்றால் ஒரே விடைத்திட்டம்தான் என்று நாலு மாதம் கடிதப் போர். சல்லடையம்மாவும் பிடி விடவில்லை. ஒரே தரம் என்றால் எல்லோரையும் ஒரே நேர்மையோடு அளப்பது, ஒரே விடையை எதிர்பார்ப்பது அல்ல என்று எழுதினார். குண்டு சாரின் மூன்று கடிதங்களையும் கட்டத் தாளையும் இணைத்தார். காய்ச்சலில் படுத்த இயற்பியல்காரர் எழுந்து வந்து அதன் கீழே கையெழுத்துப் போட்டார், தலையில் அடித்துக்கொண்டே. ஒருவழியாக இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு வளாகத்துக்கும் அந்தந்த இடத்தின் மதிப்பே விடை என்று திட்டம் மாறியது. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் மதிப்பெண்களும் திருத்தப்பட்டன. முப்பத்தோரு பேருக்கு வகுப்பு உயர்ந்தது. எங்கோ ஒரு சுரங்கப்பாதை வேலையில் பொறியாளராக இருந்த அக்காவுக்குப் பதக்கம் தபாலில் போய்ச் சேர்ந்தது. வகுப்புத் தலைவி ஒரே வரியில் செய்தி அனுப்பினாள்: "அம்மா பதக்கத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு நாளா சாப்பிடல மேடம், இந்தத் தடவை சந்தோஷத்துல."

அதோடு விட்டாரா என்றால் இல்லை. அடுத்த கல்வியாண்டில் தாய் வளாகத்தின் ஆய்வகத்துக்கும் மதிப்பீட்டுக்குப் போனார். பளபளவென்று எல்லாம் இருந்தது. ஊசல் நூல்களில் மட்டும் ஒட்டடை. தாள்களின் பின்பக்கம் இப்போது வெற்றாக இருந்தது, அவர் கேட்டுக்கொண்டபடி. அன்று காலைதான் பிள்ளைகள் முதன்முதலாக அச்சடித்த விடை இல்லாமல் அளக்க உட்கார்ந்திருந்தார்கள். அறை ஒரே களேபரம். ஒருவன் ஒன்பது புள்ளி ஆறு என்றான், ஒருத்தி பத்து என்றாள். நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள்.

கண்ணாடி போட்ட ஒரு பெண் தாளை எடுத்துக்கொண்டு சல்லடையம்மாவிடம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. "மேடம், எனக்கு ஒன்பது புள்ளி எட்டு நாலு வருது. தப்புதானே?"

"எத்தனை தடவை அளந்தே?"

"ஒரு தடவை."

"இன்னும் நாலு தடவை அள. வர்றதை வர்றபடி எழுது."

அந்தப் பெண் திரும்பிப் போய்க் குண்டை இழுத்துவிட்டாள். சல்லடையம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதென்று வாசலில் யாரோ சைகை காட்டினார்கள். வருகிறேன் என்று கையசைத்துவிட்டு, அவர் அந்தக் குண்டு போய்த் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.